சத்தம் போடாத ஃபேன்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)

இன்னைக்கு எபிசோட்ல விருந்தினர் யாரும் இல்ல. நானும், என் மேசைக்குக் கீழே உக்காந்திருக்கிற கம்ப்யூட்டரும்தான். போன ஏப்ரல், மே ரெண்டு மாசமும் இந்தப் பெட்டி என்னை ஒரு வழி பண்ணிருச்சு. காசு போச்சு, தூக்கம் போச்சு. ஒரு நல்ல நண்பனும் போயிருப்பான். அந்தக் கதையைச் சொல்றேன். சொல்லும்போதே, வீட்ல அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர்ல ஃபேன் எப்படி வேலை செய்யுது, எது கெட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னும் பாத்துருவோம்.

முதல்ல பெட்டியைப் பத்தி. நாலு வருஷத்துக்கு முன்னாடி கொஞ்சம் கொஞ்சமா காசு சேத்து நானே பூட்டினது. ரைசன் 5 3600 பிராசஸர். மதர்போர்டு பி450, அது செகண்ட் ஹேண்ட்; மேலூர்ல இருக்கிற என் காலேஜ் நண்பன்கிட்ட 4,500 ரூபாய்க்கு வாங்கினது. கிராஃபிக்ஸ் கார்டு ஜி.டி.எக்ஸ் 1660 சூப்பர். எஸ்.எம்.பி.எஸ்? அங்கதான் காசை மிச்சம் பிடிச்சேன். இந்த வரியை மனசுல வச்சுக்கங்க.

நான் இருக்கிறது ஒத்தக்கடை பக்கம், மாடி வீடு. மேல வெறும் மொட்டை மாடி. சித்திரை வெயில் பகல் முழுக்க கான்கிரீட்ல இறங்கி, ராத்திரி முழுக்க அது ரூமுக்குள்ள இறங்கும். இந்த பாட்காஸ்ட் எடிட்டிங் எல்லாம் அந்த ரூம்லதான். அதுபோக, ஒரு ஸ்டுடியோவுக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ணித் தர்றேன். வைகாசி முகூர்த்தம் வந்துட்டா வேலை குவியும். என் வீட்டு வாடகையே அந்த வேலையிலதான் ஓடுது.

மார்ச் மாசம் பெட்டியிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பிச்சது. 'கிர்ர்... கிர்ர்...'னு, பழைய டேபிள் ஃபேன் மாதிரி. ரெக்கார்டிங்லயும் லேசா கேட்டுச்சு. தரையில அதிருதோன்னு நினைச்சு, அம்மா தைச்சுக் குடுத்த தடிமனான கால்மிதியை மடிச்சு கேபினட்டுக்கு அடியில வச்சேன். ரெண்டு வாரத்துல சத்தம் நின்னுபோச்சு. 'அப்பாடா, சரியாயிருச்சு'ன்னு சந்தோஷப்பட்டேன்.

அந்த சந்தோஷம்தான் இந்தக் கதையோட வில்லன்.

ஃபேன் யார் பேச்சைக் கேக்குது?

கதைக்குப் போறதுக்கு முன்னாடி அடிப்படை கொஞ்சம். உங்க கேபினட்ல இருக்கிற ஃபேன் வயரைப் பாத்தீங்கன்னா ரெண்டு வகை. ஒண்ணு 3 பின், இன்னொண்ணு 4 பின்.

3 பின்ல ஒரு வயர் கிரவுண்ட், ஒண்ணு 12 வோல்ட், மூணாவது வேகத்தைச் சொல்ற வயர். இந்த மூணாவது வயர்ல, ஃபேன் ஒரு தடவை சுத்தினா ரெண்டு துடிப்பு வரும். போர்டு அதை எண்ணித்தான் 900 ஆர்.பி.எம், 1,200 ஆர்.பி.எம்னு காட்டுது. இந்த வகை ஃபேனோட வேகத்தைக் குறைக்கணும்னா ஒரே வழி, 12 வோல்ட்டைக் குறைக்கிறது. 7 வோல்ட் குடுத்தா மெதுவா சுத்தும். ரொம்பக் குறைச்சா நின்னே போயிரும்.

4 பின்ல 12 வோல்ட் எப்பவும் முழுசா போகும். நாலாவது வயர்ல போர்டு ஒரு சிக்னல் அனுப்பும். விளக்கை வேகவேகமா அணைச்சு அணைச்சுப் போடுற மாதிரின்னு வச்சுக்கங்க. எவ்வளவு நேரம் 'ஆன்', எவ்வளவு நேரம் 'ஆஃப்'ங்கிற விகிதத்தை வச்சு ஃபேன் தன் வேகத்தை முடிவு பண்ணிக்கும். இதுக்குப் பேர்தான் பி.டபிள்யூ.எம். இன்டெல் எழுதின வரையறைப்படி அந்த சிக்னல் நொடிக்கு 25,000 தடவை துடிக்கணும். ஏன் இவ்வளவு வேகம்? நம்ம காதுக்கு 20,000-க்கு மேல கேக்காது. அதுக்குக் கீழ வச்சா ஃபேன் மோட்டாரே விசிலடிக்கும்.

இது தெரிஞ்சாலே பாதிப் பிரச்சினை புரிஞ்சிரும். நம்ம நேயர்கள் அடிக்கடி கேக்கிற மூணு புகாரைப் பாப்போம்.

முதல் புகார்: "கேபினட் ஃபேன் எப்பவும் ஃபுல் ஸ்பீடுல ஓடுது, பயாஸ்ல என்ன மாத்தினாலும் கேக்க மாட்டேங்குது." பெரும்பாலும் நீங்க 3 பின் ஃபேனை மாட்டியிருப்பீங்க, பயாஸ்ல அந்த இடம் பி.டபிள்யூ.எம் மோடுல இருக்கும். போர்டு நாலாவது வயர்ல கத்திக்கிட்டே இருக்கு. ஃபேனுக்கு அந்தக் காதே இல்ல. மோடை 'டி.சி'ன்னு மாத்துங்க, முடிஞ்சது.

ரெண்டாவது புகார்: "சும்மா பிரவுசர் திறந்தாலே ஃபேன் ஊஊன்னு ஏறுது, உடனே இறங்குது, மறுபடி ஏறுது." பயப்பட வேண்டாம். இப்ப வர்ற பிராசஸர்கள்ல சிலிக்கான் துண்டு ரொம்பச் சின்னது. ஒரு சின்ன வேலை வந்தாலும் ஒரே நொடியில 10 டிகிரி எகிறும், அடுத்த நொடி இறங்கும். ஃபேன் ஒவ்வொரு எகிறலுக்கும் பின்னாடி ஓடினா இப்படித்தான் மூச்சு வாங்கும். பயாஸ்ல ஃபேன் பக்கத்துல 'ஸ்டெப் அப் டைம்' மாதிரி ஒரு செட்டிங் இருக்கும். 4, 5 நொடி தாமதம் குடுத்துப் பாருங்க. சூடு நிஜமா ஏறினா மட்டும் ஃபேன் ஏறும்.

மூணாவது: ஆன் பண்ணதும் "சி.பி.யூ ஃபேன் எரர்"னு வந்து நிக்கிறது. இதுல அவசரப்படாம மூடியைத் திறந்து கண்ணால பாருங்க. ஃபேன் சுத்துதா? சுத்தலைன்னா வயர் எதுலயாவது மாட்டியிருக்கும், இல்லைன்னா ஃபேன் செத்திருக்கும். சுத்துதுன்னா, ஒண்ணு அதை வேற இடத்துல மாட்டியிருப்பீங்க. இல்லைன்னா அமைதிக்காக வேகத்தை அவ்வளவு குறைச்சிருப்பீங்க, 'இது நின்னுபோச்சு'ன்னு போர்டு நினைச்சிக்கும். வேகம் சொல்ற அந்த ஒரு வயர் மட்டும் அறுந்திருந்தாலும் இதே எரர்தான்.

இன்னொண்ணு. ஒரு ஃபேன் கனெக்டர்ல பொதுவா 1 ஆம்பியர்தான் தாங்கும். ஸ்ப்ளிட்டர் போட்டு அஞ்சு ஃபேனை ஒரே இடத்துல தொங்கவிடாதீங்க. அதுக்கு எஸ்.எம்.பி.எஸ்ல இருந்து நேரா கரண்ட் எடுக்கிற ஹப் கிடைக்குது.

யூடியூப்காரர் ரூமும் நம்ம ரூமும்

இப்ப கதைக்கு வருவோம். எனக்கு வந்தது அந்த ரெண்டாவது புகார், ஊஊன்னு ஏறி இறங்குறது. மார்ச்ல அந்த 'கிர்ர்' நின்ன பிறகு எனக்கு ஒரு ருசி வந்துருச்சு, பெட்டி முழுக்க அமைதியா இருக்கணும்னு. ஒரு வெளிநாட்டு யூடியூபர் போட்ட ஃபேன் கர்வை அப்படியே காப்பி அடிச்சேன். 60 டிகிரி வரைக்கும் ஃபேன் 30 சதவீதம், அதுக்கப்புறம்தான் ஏறும்.

அவரு ரூம் 21 டிகிரி. என் ரூம் சாயங்காலம் 36. பத்து மணி ராத்திரிக்கும் 34.

இது வெறும் வசதிக்குறைவு இல்லைங்க, கணக்கு. ஃபேனால கம்ப்யூட்டரைக் குளிர வைக்க முடியாது. உள்ள இருக்கிற சூட்டை ரூம் காத்துக்கு மாத்திவிட மட்டும்தான் முடியும். அதனால பிராசஸர் சூடுங்கிறது ரூம் சூடு, கூட ஒரு தொகை. ஒரு வேலைக்கு அந்தத் தொகை 45 டிகிரின்னா, அவருக்கு 66. எனக்கு 81. அதே பிராசஸர், அதே கூலர், அதே ஃபேன்.

எஸ்.எம்.பி.எஸ் டப்பாவுல '80 பிளஸ்'னு ஒரு முத்திரை பாத்திருப்பீங்க. அந்தச் சோதனையை 23 டிகிரியை ஒட்டின ரூம்ல வச்சுத்தான் செய்யிறாங்க. அது கரண்ட் எவ்வளவு வீணாகுதுன்னு சொல்ற முத்திரை. மதுரை மே மாசத்துல இந்தப் பொருள் எத்தனை வருஷம் உழைக்கும்னு அது சொல்லாது. சில கம்பெனிகள் 40 டிகிரியில முழு வாட்ஸ் தரும்னும், நல்ல மாடல்கள் 50 டிகிரியிலயும் தரும்னும் தனியா எழுதியிருப்பாங்க. நாம பாக்க வேண்டிய எண் அதுதான்.

கெப்பாசிட்டர்களுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு. 10 டிகிரி கூடினா ஆயுள் கிட்டத்தட்டப் பாதி. 21 டிகிரி ஊர்ல பத்து வருஷம் ஓடுற சாமான் நம்ம ஊர்ல சீக்கிரம் கிழடு தட்டுறதுக்கு இதுதான் காரணம்.

அப்புறம் தூசி. வைகாசியில ஆரம்பிச்சு ஆடிக் காத்து முடியிற வரைக்கும் மதுரையைச் சுத்தி எந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்தாலும் மண்ணுதான். மேலூர் பக்கம் அறுப்பு நேரத்துல வைக்கோல் தூசி வேற. வீட்ல சாம்பிராணி, ஊதுபத்தி போட்டா அந்தப் புகையில இருக்கிற பிசுக்கு தூசியோட சேந்து ஹீட் சிங்க்ல அப்பிக்கும். ஊதினாலும் போகாது, பிரஷ் போட்டுத்தான் எடுக்கணும்.

கட்... கட்... கட்

ஏப்ரல் கடைசி. ஒரு கல்யாண வீடியோ, மூணு மணி நேர ஃபுட்டேஜ். எக்ஸ்போர்ட் போட்டுட்டு சாப்பிடப் போனேன். வந்து பாத்தா பெட்டி ஆஃப். நீலத்திரை வரல, எரர் எதுவும் இல்ல. யாரோ பிளக்கைப் புடுங்கின மாதிரி.

ஆன் பண்ணேன். வரல. மறுபடி அழுத்தினேன். வரல. இருபது நிமிஷம் கழிச்சு அழுத்தினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்துச்சு.

விண்டோஸ்ல ஈவென்ட் வியூவர் திறந்தா 'கர்னல் பவர் 41'னு சிவப்பா ஒரு வரி. நிறையப் பேர் இதைப் பாத்ததும் 'பவர்'ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்குவாங்க. அதுக்கு அர்த்தம் 'போன தடவை நான் ஒழுங்கா ஷட்டவுன் ஆகல' அவ்வளவுதான். ஏன்னு அதுக்கே தெரியாது.

நான் என்ன முடிவு பண்ணேன்? சூடு. பிராசஸர் சூடு. தெர்மல் பேஸ்ட் வாங்கினேன், மாத்தினேன். மறுபடி கட். 1,900 ரூபாய்க்கு பெரிய கூலர் வாங்கி மாட்டினேன். பிராசஸர் 12 டிகிரி குறைஞ்சது. மறுபடி கட். கேபினட்டுக்கு இன்னும் ரெண்டு ஃபேன். கட்.

அடுத்து என் சந்தேகம் செகண்ட் ஹேண்ட் போர்டு மேல போச்சு. ஸ்டுடியோ அண்ணன் ஒரு பக்கம் போன்ல கத்துறாரு, "தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க தினமும் கேக்குறாங்க, நாளைக்குக் குடுப்பியா மாட்டியா?" அந்தக் கோவத்தை அப்படியே எடுத்துட்டுப் போயி மேலூர் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா மாப்ள, கெட்டுப்போன போர்டைத்தான் எனக்கு வித்தியா? தெரிஞ்சுதானே குடுத்த?"

இந்த 'தெரிஞ்சுதானே'ங்கிற ஒரு வார்த்தை. அவன் அஞ்சு நொடி பேசல. அப்புறம், "காசு அனுப்புறேன்டா"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான். சாயங்காலத்துக்குள்ள 4,500 ரூபாய் அக்கவுண்ட்ல வந்துருச்சு. அவன் கேட்டு அனுப்பின கேள்வி ஒண்ணே ஒண்ணு: "பெட்டியைத் தொடாத. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன்."

கத்துற இடம் ஒண்ணு, வலிக்கிற இடம் ஒண்ணு

இங்க ஒரு நிமிஷம் நிறுத்துறேன். நான் பண்ண தப்பை உலகமே ஒருதடவை பண்ணியிருக்கு. 2024-ல இன்டெல்லோட 13-வது, 14-வது தலைமுறை உயர்ரக பிராசஸர்கள் நினைவிருக்கா? கேம் ஆடுறவங்களுக்கு ஒரு எரர் வந்துக்கிட்டே இருந்துச்சு. வீடியோ மெமரி போதலைன்னு சொல்ற எரர். படிச்சா என்ன தோணும்? கிராஃபிக்ஸ் கார்டு கெட்டுப்போச்சுன்னுதானே? எத்தனையோ பேர் கார்டைக் கழட்டி மாத்தினாங்க, டிரைவரை அழிச்சு அழிச்சுப் போட்டாங்க. கடைசியில தப்பு பிராசஸர்ல. கேம் ஃபைலைப் பிரிச்செடுக்கிற வேலையைச் செய்யிறது பிராசஸர். அது கணக்கைத் தப்பாப் போட, எரர் கார்டு பேர்ல வந்துச்சு. அந்த வருஷம் ஜூலையில, பிராசஸர் தேவைக்கு மேல வோல்டேஜ் கேக்குதுன்னு இன்டெல்லே ஒத்துக்கிட்டு, ஆகஸ்ட்ல அதுக்கு மைக்ரோகோடு அப்டேட் குடுத்து, வாரண்டியையும் 2 வருஷம் நீட்டிச்சாங்க. ஏற்கனவே அடிவாங்கின பிராசஸரை அப்டேட் சரிபண்ணாது, மாத்தத்தான் வேணும்.

எந்த இடத்துல சத்தம் வருதோ அங்கதான் நோய் இருக்கும்னு அவசியம் இல்ல. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருந்தா, நல்லா இருக்கிற சாமானை எல்லாம் மாத்திக்கிட்டே இருப்போம்.

ஞாயித்துக்கிழமை

அவன் பைக்ல வந்தான். பையில ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர். முகத்தைப் பாத்துப் பேசல. அம்மா குடுத்த மோரை மட்டும் குடிச்சிட்டு நேரா பெட்டிகிட்ட உக்காந்துட்டான்.

திறக்கல. கேள்விதான் கேட்டான்.

"கட் ஆகும்போது சி.பி.யூ சூடு எவ்வளவு?"

எனக்குத் தெரியல. ஹெச்.டபிள்யூ இன்ஃபோ போட்டு, ரெண்டு நொடிக்கு ஒரு தடவை எல்லா சென்சாரையும் ஒரு ஃபைல்ல எழுத வச்சான். எக்ஸ்போர்ட் ஓட்டினோம். 23 நிமிஷத்துல கட். லாக்கோட கடைசி வரியைப் பாத்தா பிராசஸர் 74, கார்டு 68. ரைசன் 3600-க்கு எல்லை 95. அதுவும் எல்லையைத் தொட்டா முதல்ல வேகத்தைக் குறைக்கும், அதையும் மீறினாத்தான் அணையும். 74-ல இருந்து சூட்டுக்காக யாரும் கட் ஆக மாட்டாங்க.

"திரும்ப ஆன் ஆக எவ்வளவு நேரம் ஆகுது?"

"இருபது நிமிஷம்."

"காலைல?"

"காலைல முக்கால் மணி நேரம் தாங்குது. மத்தியானம் இருபது நிமிஷம். கட் ஆகி வந்த உடனே மறுபடி ஓட்டினா பத்து நிமிஷம் கூட இல்ல."

அவன் முதல் தடவையா என் முகத்தைப் பாத்தான். "பிராசஸர் ஆறுறதுக்கு இருபது நிமிஷமாடா ஆகும்? வேலையை நிறுத்தினா ஒரு நிமிஷத்துல இறங்கிரும். இது வேற ஏதோ ஒண்ணு. மெதுவா சூடாகுது, மெதுவா ஆறுது."

அப்புறம் கேட்டான்: "எத்தனை ஃபேன் இருக்கு?"

நான் மானிட்டர்ல காட்டினேன். கூலர், கேபினட்டுக்கு நாலு, கார்டுக்கு ரெண்டு. எல்லாத்துக்கும் ஆர்.பி.எம் வருது. ஏழும் நல்லா ஓடுது.

"எட்டாவது?"

எஸ்.எம்.பி.எஸ் ஃபேன். சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ல அந்த ஃபேனை மதர்போர்டு கட்டுப்படுத்தாது. எந்த சாஃப்ட்வேர்லயும் அதோட வேகம் வராது. லிஸ்ட்லயே இல்லாத ஃபேன் அது. கேபினட்டைச் சாய்ச்சு, செல்போன் டார்ச்சை அடியில அடிச்சான். ஃபேன் அசையல. வலைக்கு மேல என் கால்மிதியோட நூலும் தூசியும் சேந்து ஒரு கம்பளி மாதிரி ஒட்டியிருந்துச்சு.

மார்ச்ல கேட்ட 'கிர்ர்' அதோட பேரிங் காஞ்சுபோன சத்தம். அது சரியாகல, ஃபேன் ஒரேயடியா நின்னுருச்சு. அதுக்குக் காத்துப் போற வழியையும் நான்தான் கால்மிதி போட்டு அடைச்சிருந்தேன். சின்ன வேலைக்குத் தாங்கும். எக்ஸ்போர்ட் மாதிரி முழு வேலை வந்தா உள்ள சூடு ஏறி, அதோட பாதுகாப்பு சர்க்யூட் கரண்டை வெட்டிரும். ஆறின பிறகுதான் விடும். நல்லவேளை, நான் வாங்கின மலிவு மாடல்ல அந்தப் பாதுகாப்பாவது இருந்துச்சு. அது இல்லாத எஸ்.எம்.பி.எஸும் மார்க்கெட்ல உண்டு. அப்படியொண்ணா இருந்திருந்தா போர்டும் கார்டும் சேந்து போயிருக்கலாம்.

அவன் கொண்டுவந்த பழையதை மாட்டினான். அதே எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஓடி முடிஞ்சது. அந்த நேரம் முழுக்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து புராகிரஸ் பாரையே பாத்துக்கிட்டிருந்தோம்.

முடிஞ்சதும் 4,500 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். "போர்டுக்கு ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்டா"ன்னான். "நீ தெரிஞ்சுதானே குடுத்தன்னு கேட்டதுதான்..." அதோட நிறுத்திட்டான். நான் மன்னிப்பு கேட்டேன். கேட்டுட்டா எல்லாம் சரியாகும்னு இல்ல. ஆனா இந்த எபிசோடைப் பண்ணலாமான்னு அவன்கிட்ட கேட்டேன். "பண்ணு. கால்மிதியையும் சொல்லு"ன்னான். சொல்லிட்டேன்.

உங்க பெட்டி கட் ஆனா

அவன் கேட்ட வரிசையையே உங்களுக்கும் தர்றேன். பணம் செலவழிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

ஒண்ணு, எப்ப கட் ஆகுதுன்னு எழுதி வைங்க. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறுற நொடியில மட்டும் கட் ஆனா, சந்தேகம் இன்வெர்ட்டர் மேல. சதுர அலை இன்வெர்ட்டரோட சில எஸ்.எம்.பி.எஸ்களுக்கு ஒத்துக்காது, நேரா சுவர் பிளக்ல மாட்டிப் பாருங்க. கேம் ஆரம்பிச்ச அதே நொடியில கட் ஆனா, எஸ்.எம்.பி.எஸ்ஸால அந்தத் திடீர் சுமையைத் தாங்க முடியலையான்னு பாக்கணும். நேரம் போகப் போக கட் ஆனா, ஏதோ ஒண்ணு சூடாகுது.

ரெண்டு, லாக் எடுங்க. விண்டோஸ்ல ஹெச்.டபிள்யூ இன்ஃபோ, லினக்ஸ்ல எல்.எம் சென்சார்ஸ். கட் ஆன நொடிக்கு முந்தின வரிதான் சாட்சி. பிராசஸரும் கார்டும் எல்லைக்குக் கீழ இருந்தா, அதுங்களை விட்ருங்க. கூலர் வாங்காதீங்க.

மூணு, திரும்ப ஆன் ஆக எவ்வளவு நேரம்னு பாருங்க. உடனே ஆன் ஆச்சுன்னா ஒரு கதை, கால் மணி நேரம் ஆச்சுன்னா வேற கதை.

நாலு, எல்லா ஃபேனையும் கண்ணால எண்ணுங்க. சாஃப்ட்வேரை நம்பி எண்ணாதீங்க. எஸ்.எம்.பி.எஸ் பின்பக்கம் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பரைக் காட்டுங்க. காத்து வந்தா ஆடும். சில நல்ல மாடல்கள்ல சுமை குறைவா இருக்கும்போது ஃபேன் வேணும்னே நிக்கும், அது பழுது இல்ல. அதனால முழு வேலை குடுத்து, சூடான பிறகு பாருங்க.

அஞ்சு, ஒரு நேரத்துல ஒரே ஒரு சாமானை மாத்துங்க. மூணை ஒண்ணா மாத்தினா எது சரிபண்ணுச்சுன்னு தெரியாமலே போயிரும். நண்பர்கிட்ட கடன் வாங்கி மாத்திப் பாக்க முடிஞ்சா அதைவிட நல்ல பரிசோதனை இல்ல.

ஒரு எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ் ஃபேன் நின்னுபோச்சுன்னு தெரிஞ்சதும் டப்பாவைத் திறக்கத் தோணும். திறக்காதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். கடையில குடுங்க, இல்லைன்னா மாத்திருங்க. தூசி ஊதும்போதும் கேபினட் ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க. புளோயர் காத்துல கன்னாபின்னான்னு சுத்த விட்டா பேரிங் அடிவாங்கும்.

நான் இப்ப புது எஸ்.எம்.பி.எஸ் போட்டுட்டேன். கூலருக்கும் ஃபேனுக்கும் தண்டமா குடுத்த காசுல முதல்லயே வாங்கியிருக்கலாம். கேபினட் இப்ப தரையில இல்ல, ஒரு சின்ன மரப்பலகை மேல, நாலு பக்கமும் காத்து போற மாதிரி. ஃபேன் கர்வும் நானே போட்டதுதான். மே மாசத்துக்கு ஒண்ணு, மார்கழிக்கு ஒண்ணு. மே மாசத்துல கொஞ்சம் சத்தம் போடும். இந்த ரெக்கார்டிங்ல பின்னாடி லேசா 'ஸ்ஸ்'ஸுன்னு கேட்டிருக்கும். எடிட்ல எடுத்திருக்கலாம். விட்டுட்டேன். அது ஓடுதுன்னு எனக்குத் தெரியணும்.

உங்க பெட்டியில இந்த மாதிரி ஏதாவது ஒரு சத்தம் திடீர்னு நின்னிருந்தா, சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒரு டார்ச் எடுத்துட்டுப் போய் பாருங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம். வர்றேன் மக்களே.